‘கெட்’டுக்கு ஒரே பிரெஞ்சு வார்த்தை கேட்ட மகனுக்கு

தம்பி,

நாங்கள் நலம், உன் நலம் அறிய ஆவல் என்றுதான் கடிதம் தொடங்க வேண்டும். உன் அம்மா நலம். எனக்குக் களைப்பு. டாக்டரிடம் போய்ச் சொல்லும்படியாக உடம்பில் ஒன்றும் இல்லை. நாள் முழுக்க இரண்டு பேருக்கு நடுவில் நின்று பேசிவிட்டு வருகிறவனுக்கு வரும் களைப்பு இது. ரிடையர் ஆனால் போய்விடும் என்று நினைத்திருந்தேன், போகவில்லை. இந்தக் கடிதத்தைத் தமிழில் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை ஞானோபதேச வகுப்பில் படித்த எழுத்து உனக்கு இன்னும் மறந்திருக்காது. கூட்டிக் கூட்டித்தான் படிப்பாய், பரவாயில்லை, மெதுவாகவே படி. பம்பாயில் தமிழ் தெரிந்த யாரையாவது பிடித்து இதைப் படித்துச் சொல்லச் சொல்லாதே. அதை மட்டும் செய்யாதே. ஏன் என்று போகப் போகத் தெரியும்.

அல்ஜீரியாவில் போய் இறங்கியதும் மேலதிகாரியிடமும் சைட்டில் இருப்பவர்களிடமும் பேசுவதற்கென்று நீ ஆங்கிலத்தில் எழுதி அனுப்பிய வாக்கியங்களை எல்லாம் பிரெஞ்சில் எழுதி முடித்துவிட்டேன். தனித்தாளில் வைத்திருக்கிறேன். இடையில் நான் ஒரு கார்டு போட்டு, ‘இந்த வாக்கியத்தில் கெட் என்றால் என்ன, அந்த வாக்கியத்தில் கெட் என்றால் என்ன’ என்று கேட்டது உனக்கு எரிச்சல் மூட்டியிருக்கிறது. எதிர்வீட்டுக்கு டிரங்க் கால் போட்டு என்னைக் கூப்பிட்டாய். நான் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினேன். “டாடி, வை ஸோ மெனி? ஜஸ்ட் கிவ் மீ ஒன் வேர்ட், ஐ வில் மேனேஜ்” என்றாய். லைனில் இரைச்சல். எதிர்வீட்டுக்காரர் மரியாதைக்காக எழுந்து நின்றுகொண்டிருந்தார். அங்கே வைத்து என்னத்தைச் சொல்வது? சரிப்பா என்று சொல்லி வைத்துவிட்டேன். ஒரே வார்த்தை கிடையாது தம்பி. கேட்டது நீ என்பதால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

உனக்கு ஆங்கிலம் பள்ளிக்கூடத்தில் பாலோடு சேர்த்துப் புகட்டியது. எனக்கு அப்படி இல்லை. நான் காரைக்காலில் பிறந்து பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவன். ஊரில் பிரெஞ்சுக் கொடியை இறக்கிய பிறகு, நாங்கள் படித்த படிப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. பிரான்ஸுக்குக் கப்பல் ஏறினவர்கள் ஏறினார்கள். எனக்கு செகந்திராபாத்தில் அக்கா இருந்தாள். அத்தான் லாலாகுடா ரயில்வே ஒர்க்ஷாப்பில் ஃபிட்டர். அவர்கள் குவார்ட்டர்ஸில் வந்து ஒட்டிக்கொண்டேன். ஆங்கிலம் நான் கற்றது அதற்கப்புறம்தான், டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில், அடுத்தவர் கடிதங்களை அடித்து அடித்து. அதனால்தான் உங்களுக்கெல்லாம் கண்ணில் படாமல் ஓடிப்போகிற ‘கெட்’ எனக்கு ஒவ்வொரு தடவையும் காலில் இடறியது. கடிதம் கிடைத்தாலும் கெட், காய்ச்சல் வந்தாலும் கெட், பஸ் ஏறினாலும் கெட், இறங்கினாலும் கெட், புரிந்தாலும் கெட், வயதானாலும் கெட். இப்படி ஒரு சொல்லை வைத்துக்கொண்டு இவர்கள் எப்படிச் சண்டை போடாமல் குடும்பம் நடத்துகிறார்கள் என்று ஆச்சரியப்பட்டிருக்கிறேன்.

நகரத்துக்கு வெளியே சர்க்கார் புதிதாகக் கட்டிய பெரிய ஃபாக்டரிக்குப் பிரெஞ்சுக் கம்பெனியோடு ஒப்பந்தம் ஆனது. இங்கே பிரெஞ்சு தெரிந்த ஆளைத் தேடினால் எத்தனை பேர் கிடைப்பார்கள்? எனக்கு வேலை கிடைத்தது. நம் சீஃப் இன்ஜினியர் ராவ் சார் ஆங்கிலத்தில் கடிதம் எழுதுவார், அதை நான் பிரெஞ்சில் எழுத வேண்டும், அது மேலே போய் நாலைந்து ஆபீசர்கள் ஓரத்தில் இனிஷியல் போட்டுக் கீழே வரும். அவர்களில் ஒருவருக்கும் பிரெஞ்சில் ஒரு எழுத்து தெரியாது. ஆனாலும் இனிஷியல் போடாமல் கடிதம் வெளியே போகக் கூடாது. முதல் கடிதத்திலேயே ஒரு பக்கத்துக்குள் ஏழெட்டு ‘கெட்’. பெட்டிகள் வந்து சேர்ந்தன என்பதற்கு ஒன்று, கஸ்டம்ஸில் அனுமதி வாங்கினோம் என்பதற்கு ஒன்று, கியர்பாக்ஸ் சூடாகிறது என்பதற்கு ஒன்று, அதை யாரையாவது வைத்துத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள் என்பதற்கு ஒன்று. பிரெஞ்சில் வந்து சேர்வதற்கு ‘ரெசெவ்வார்’, முயன்று வாங்குவதற்கு ‘ஒப்த்னீர்’, போய் எடுத்து வருவதற்கு ‘அலே ஷெர்ஷே’. நோய் வந்தால் ‘தொம்பே மலாத்’, அதாவது நோயில் விழுவது. நாமும் படுக்கையில் விழுந்துவிட்டான் என்கிறோம் அல்லவா, அதைப் போல. வயதாவதற்கு ‘வியேயீர்’ என்று தனியாகவே ஒரு வினைச்சொல். இதில் ஒன்றைப் போட வேண்டிய இடத்தில் இன்னொன்றைப் போட்டால் படிக்கிறவன் சிரிப்பான். சிரித்தால்கூடப் பரவாயில்லை, சில சமயம் பொருளே மாறி வேலை நின்றுபோகும்.

அதனால் நான் தாளை எடுத்துக்கொண்டு ராவ் சாரிடம் போவேன். “சார், இந்த இடத்தில் திறந்து பார்க்கப் போவது நாமா அவர்களா?” என்று கேட்பேன். அவர் ஆந்திரக்காரர், ஆனால் நிஜாம் காலத்து ஸ்கூலில் படித்தவர், கோபம் வந்தால் ஹிந்துஸ்தானிதான். “அரே பாய், கெட்னா கெட். கைக்கு இத்னா பூச்தே?” என்பார். எதற்கு இவ்வளவு கேட்கிறாய் என்று. நான் நகர மாட்டேன். அவர் சலித்துப்போய்க் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “நாமதான், போய்யா” என்பார். அல்லது யோசித்துவிட்டு, “அதை அப்படியே தெளிவில்லாமல் விட்டுவிடேன்” என்பார். தெளிவில்லாமல் விடுவதற்கும் பிரெஞ்சில் வழி உண்டு தம்பி, ஆனால் தெளிவில்லாமல் விடுகிறோம் என்று தெரிந்துகொண்டு விட வேண்டும். எனக்குத் தெரிந்த வித்தை இது ஒன்றுதான். சொல்லைப் பார்க்காதே, சொன்னவனிடம் போய் யார் யாருக்கு என்ன செய்கிறார்கள் என்று கேள். கேட்டுவிட்டால் வார்த்தை தானாக வரும். நீ அங்கே போய் வேலை செய்யும்போதும் இதையே செய். புரியாவிட்டால் வெட்கப்படாமல் கேள். கேட்கிறவனை முட்டாள் என்று நினைப்பார்கள், கொஞ்ச நாளைக்குத்தான்.

இதெல்லாம் தாளில். வாய்ப்பேச்சு வேறு விஷயம். கோடையில் ஒருநாள் பெரிய மீட்டிங். கிரேன் ஓட்டிப் பார்க்கும் நாள் தள்ளிக்கொண்டே போனதால் அவர்கள் பக்கத்துத் தலைமை இன்ஜினியர் முஸ்யே பெர்னார் கோபமாக வந்திருந்தார். கரண்ட் இல்லை, ஃபேன் நின்றுவிட்டது, ஜன்னல் வழியாக அனல். அவர் கேட்பதை நான் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும், ராவ் சார் சொல்வதைப் பிரெஞ்சில் சொல்ல வேண்டும். ராவ் சார் சொன்ன ஒவ்வொரு பதிலிலும் ஒரு ‘கெட்’. வி வில் கெட் இட். வி வில் கெட் தேர். வி வில் கெட் பேக் டு யூ. முதலில் ஒவ்வொன்றுக்கும் ஒழுங்காகவே பிரெஞ்சு சொன்னேன். சாப்பாட்டு நேரம் தாண்டியும் கூட்டம் முடியவில்லை. தொண்டை வறண்டது. அப்புறம் எல்லாவற்றுக்கும் ‘ஓன் வெர்ரா’ என்று சொல்ல ஆரம்பித்துவிட்டேன். அதற்கு நேர் தமிழ் ‘பார்க்கலாம்’. பார்க்கப்போவது யார், எப்போது, எதை, ஒன்றும் அதில் இல்லை. என் அனுபவத்தில் இரண்டு மொழியிலும் ஒரு நூலிழைகூட வித்தியாசம் இல்லாமல் பொருந்துகிற சொல் அது ஒன்றுதான். பெர்னார் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “உங்களுக்குக் களைப்பா, அல்லது அவர் எதையாவது மறைக்கிறாரா?” என்று பிரெஞ்சில் கேட்டார். “இரண்டும்தான்” என்றேன். அவர் சிரித்துவிட்டார். ஏன் சிரிக்கிறார் என்று தெரியாமல் ராவ் சாரும் சிரித்தார். அத்தோடு கோபம் இறங்கிப் போய், எல்லோரும் எழுந்து கேன்டீனுக்குச் சாப்பிடப் போனார்கள்.

அன்றைக்கு நான் ஒரு தப்பான பாடம் படித்தேன். நடுவில் நிற்கிறவன் இரண்டு பக்கத்துக்கும் மழுப்பலாக ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டால் சண்டை வராது என்ற பாடம். ஃபாக்டரியில் அது அன்று ஒருநாள் செல்லுபடியாயிற்று. அதை நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன், அங்கே வருஷக் கணக்கில் செல்லுபடியாயிற்று.

உனக்கு நினைவிருக்காது, சின்னப் பிள்ளையாய் இருந்தபோது நீயும் உன் அம்மாவும் பேசிக்கொண்டது தமிழே இல்லை. அவள் நாகப்பட்டினத்துப் பெண், கல்யாணமாகி இங்கே செகந்திராபாத் மாரெட்பள்ளிக்கு வந்தபோது தமிழ் தவிர வேறு பாஷை காதில் விழுந்ததில்லை. வந்த கொஞ்ச நாளில் காய்கறி வண்டிக்காரனிடம் தெலுங்கும், பால்காரரிடம் ஹிந்துஸ்தானியும், இரண்டும் வராத இடத்தில் தமிழும் போட்டுக் குழப்பி ஒரு பேச்சு பேசப் பழகிவிட்டாள். நீ அதைத்தான் அவள் இடுப்பில் உட்கார்ந்து கற்றுக்கொண்டாய். அவள் சோற்றைப் பிசைந்து வாயருகே கொண்டுவந்தால், “நக்கோ மா, சாலு” என்பாய், வேண்டாம் அம்மா, போதும் என்று. அவள், “ஒக்கட்டி, ஒக்கட்டே, பஸ்” என்பாள். ஒரே வாய்தான், அதோடு போதும் என்று கெஞ்சுவாள். இரண்டு பேரும் சமையலறையில் நாள் முழுக்க வாய் மூடாமல் பேசுவீர்கள். எனக்குத்தான் அது பிடிக்கவில்லை. மொழியை வைத்துச் சம்பாதிக்கிறவன் வீட்டில் இப்படியா, சந்தைக்கடைப் பேச்சு என்று கத்தினேன். பள்ளிக்கூடத்திலும் வீட்டில் இங்கிலீஷ் பேசுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். வீட்டுக்குள் பேசினால் சுத்தமான தமிழ், இல்லாவிட்டால் சுத்தமான ஆங்கிலம் என்று சட்டம் போட்டேன். நீ ஆங்கிலத்துக்குப் போய்விட்டாய். அவளுக்கு ஆங்கிலம் வரவில்லை. உனக்குத் தமிழ் காதில் ஏறியது, நாக்கில் ஏறவில்லை. அப்புறம் நீங்கள் இருவரும் பேசிக்கொள்ள நான் வேண்டியிருந்தது.

நான் இல்லாமல் ஒரு பேச்சும் நடக்காது என்பதில் அப்போது எனக்கு உள்ளூர ஒரு பெருமை இருந்தது என்று இப்போது நினைக்கிறேன். நீ பத்தாவதில் கணக்கில் மார்க் குறைந்தபோது, “டெல் ஹர் இட்ஸ் நன் ஆஃப் ஹர் பிசினஸ்” என்றாய். நான் உள்ளே போய், “அடுத்த தடவை பாக்கலாம்ங்கிறான்” என்றேன். நீ காலேஜில் சேர்ந்த வருஷம் அவள், இவன் ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வராமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்கே போகிறான், எனக்குத் தெரிந்தாக வேண்டும் என்று அழுதாள். நான் உன்னிடம் வந்து, “மம்மி ஸேஸ் டேக் கேர்” என்றேன். வெளியூரில் வேலை வேண்டாம் என்று அவள் சொன்னதும், இந்த வீட்டில் மூச்சு முட்டுகிறது என்று நீ சொன்னதும் இரண்டு பக்கமும் ‘பார்க்கலாம்’ என்றுதான் போய்ச் சேர்ந்தன. ராவ் சாரிடம் ஒரு ‘கெட்’டுக்கு ஒன்பது கேள்வி கேட்டவன், என் வீட்டில் யாரிடமும் ஒரு கேள்வியும் கேட்டதில்லை.

கிறிஸ்துமஸுக்கு நீ வந்திருந்தபோது நடந்ததை இப்போது சொல்கிறேன். கேட்டருகில் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டே நீ சுஜாதாவைப் பற்றிச் சொன்னாய். ஹப்சிகுடாவில் வீடு, லேபரட்டரியில் வேலை, தெலுங்குக் குடும்பம், கோயிலுக்குப் போகிறவர்கள், சர்ச்சுக்கு இல்லை. அல்ஜீரியாவுக்குப் போவதற்கு முன்னால் ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகவும், அம்மாவுக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் அதில் மாற்றமில்லை என்றும், இதை அப்படியே போய்ச் சொல்லுங்கள் என்றும் சொன்னாய். நான் உள்ளே போனேன். அவள் தரையில் உட்கார்ந்து சீப்பின் முதுகில் மாவை அழுத்திக் கிறிஸ்துமஸ் பலகாரத்துக்குக் கல்கல் உருட்டிக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள், “அவன் யாரையோ மனசுல வச்சிருக்கான், எனக்குத் தெரியும். மாதா கோயில்ல வச்சுக் கட்டாத கல்யாணத்துக்கு நான் வரமாட்டேன். சொல்லிப்புடுங்க” என்றாள். நான் அவளிடம், “பொண்ணு விஷயமெல்லாம் போய்ட்டு வந்து பாக்கலாம்ங்கிறான்” என்றேன். உன்னிடம் வந்து, “மம்மி வில் கம் அரவுண்ட். ஷீ இஸ் ஆல்மோஸ்ட் ஓகே” என்றேன். நீ என் தோளைத் தட்டினாய். “தேங்க்ஸ் டாடி” என்றாய். அந்த வருஷம் கேக் நன்றாக வந்தது, எல்லோரும் சிரித்துக்கொண்டே சாப்பிட்டோம்.

போன ஞாயிறு சுஜாதா வீட்டுக்கு வந்தாள். நீ சொல்லி வந்தாளா, தானாக வந்தாளா தெரியாது, நான் கேட்கவில்லை. பூசை முடிந்து வந்து சட்டையைக்கூட மாற்றவில்லை, வாசலில் கையில் ஒரு பை கொய்யாப்பழத்தோடு நிற்கிறாள். உள்ளே உட்கார வைத்துவிட்டு, வழக்கம்போல அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். பெண் ஆங்கிலத்தில் பேசுவாள், நான் தமிழில் சொல்வேன், இவள் தமிழில் கேட்பாள், நான் ஆங்கிலத்தில் சொல்வேன் என்று கணக்கு. தொண்டையைச் செருமிக்கொண்டேன். அதற்குள் உன் அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, “ரா அம்மா, கூர்ச்சோ. சாய் பீத்தே க்யா?” என்றாள், வா உட்கார், டீ குடிக்கிறாயா என்று. அந்தப் பெண் ஒரு நொடி திகைத்துப் போய், அப்புறம் முகமெல்லாம் சிரிப்பாக, “பர்வாலேது ஆன்ட்டி, மீரு கூர்ச்சோண்டி” என்றது. பரவாயில்லை, நீங்கள் உட்காருங்கள் என்று. அதோடு ஆரம்பித்தார்கள்.

மத்தியானச் சாப்பாடு வரைக்கும் பேசினார்கள் தம்பி. பாதி தெலுங்கு, கால் ஹிந்துஸ்தானி, மீதி தமிழ். இலக்கணம் என்று எதுவும் கிடையாது. வார்த்தை கிடைக்காத இடத்தில் கையைக் காட்டினார்கள். எங்கள் வீட்டுக்குள் அந்தப் பேச்சு கேட்டு எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. உன் அம்மா ஒன்றையும் மறைக்கவில்லை. நீ எங்கள் வேதத்துக்கு வருவாயா என்று நேராகக் கேட்டாள். வரமாட்டேன், ஆனால் உங்களோடு மாதா கோயிலுக்குத் துணைக்கு வருவேன் என்றாள் அவள். பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்க விடுவாயா என்று இவள் கேட்டாள். எனக்குத் தெரியாது ஆன்ட்டி, அதை இன்னும் நாங்கள் பேசவில்லை என்றாள் அவள். இவளுக்குக் கண் கலங்கியது, அவளுக்கும் கலங்கியது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே கொய்யாப்பழம் நறுக்கினார்கள். நான் நடுவில் உட்கார்ந்து ஒரு பக்கம் பார்ப்பேன், மறு பக்கம் பார்ப்பேன். ஒருமுறை வாயைத் திறந்து, அவள் என்ன சொல்கிறாள் என்றால், என்று ஆரம்பித்தேன். உன் அம்மா என் பக்கம் திரும்பாமலே கையை மட்டும் காட்டினாள், சும்மா இருங்கள் என்று. நான் நாற்காலியைச் சுவரோரமாகத் தள்ளிப் போட்டுக்கொண்டேன்.

கிளம்பும்போதுதான் அந்தப் பெண் அதைச் சொன்னது. “மீரு ஒப்புக்குன்னாரனி செப்பாடு ஆன்ட்டி. அந்துகே தைரியங்கா வச்சானு.” நீங்கள் சம்மதித்துவிட்டதாக அவன் சொன்னான், அதனால்தான் தைரியமாக வந்தேன் என்று. உன் அம்மா ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடவே போய் ஏற்றிவிட்டு வந்தாள். வந்து செருப்பைக் கழற்றிவிட்டு என் முன்னால் நின்றாள்.

“என்னங்க, நான் எப்ப ஒத்துக்கிட்டேன்?”

நான் எழுந்து சுவரோரம் கிடந்த நாற்காலியைப் பழைய இடத்தில் இழுத்துப் போட்டேன்.

“அவன் இந்த மாசமே பதிவு பண்ணிக்கப் போறானாமே. அது எனக்குத் தெரியாது. நான் மாட்டேன்னது அவனுக்குத் தெரியாது. நடுவுல நீங்க என்னதான் பண்ணிக்கிட்டு இருந்தீங்க?”

“சண்ட வேணாம்னுதான்” என்றேன்.

“ஆபீசுல சம்பளம் குடுத்தாங்க, பேசுனீங்க. வீட்டுல உங்கள யாருங்க வேலைக்கு வச்சது?” என்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கொஞ்ச நேரம் கழித்து, “அந்தப் பொண்ணுகிட்ட நான் பேசின மாதிரி அவன்கிட்ட ஒரு நாள் பேசியிருப்பேனா? அவன் வாயி என்கிட்டேர்ந்து போயே போச்சு” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

அவள் சொன்னது சரி. அவளிடமிருந்து உன் வாயை வாங்கிக்கொண்டவன் நான்தான். மன்னித்துக்கொள் என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். மன்னித்துக்கொள். நீ கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாய், அதனால் ஒரு வார்த்தை. நாளைக்கு உனக்கும் சுஜாதாவுக்கும் இடையில், அல்லது அவளுக்கும் உன் அம்மாவுக்கும் இடையில், ஏதாவது வரும். வராமல் இருக்காது. அப்போது சமாதானம் செய்கிறேன் என்று நடுவில் நாற்காலி போட்டு உட்காராதே. நல்ல மனசோடுதான் உட்காருவாய். நானும் நல்ல மனசோடுதான் உட்கார்ந்தேன். கடுமையான வார்த்தை வந்தால் கடுமையாகவே போய்ச் சேரட்டும். கேட்டவர் அழுதுவிட்டுத் திருப்பி ஒன்று சொல்வார். அதிலிருந்துதான் ஏதாவது ஒரு வழி பிறக்கும். நான் மழுப்பியதில் ஒரு வழியும் பிறக்கவில்லை, வருஷங்கள்தான் போயின.

ஆகவே நீ புறப்படுவதற்கு முன் இங்கே வந்து தங்கும் அந்த நாலு நாளில் நான் எதையும் யாருக்கும் எடுத்துச் சொல்லப் போவதில்லை. என்னை நம்பி வராதே. உன் அம்மா உன்னைக் கல்யாணம் வேண்டாம் என்று தடுக்கலாம். மாதா கோயிலில் பெர்மிஷன் வாங்கிக் கட்டலாம் என்று கேட்கலாம். வாயே திறக்காமல் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கலாம். எதுவானாலும் நீ நேரே கேட்டுக்கொள். உன் தமிழ் திக்கும், அதற்காக ஆங்கிலத்துக்குப் போய்விடாதே. சின்ன வயதில் பேசியது நாக்கில் எங்காவது கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். தெலுங்கு வந்தால் தெலுங்கு, ஹிந்துஸ்தானி வந்தால் ஹிந்துஸ்தானி. சந்தைக்கடை என்று சொல்ல நான் பக்கத்தில் இருக்க மாட்டேன்.

இவ்வளவும் எழுதிக்கொண்டிருக்கும்போது உன் அம்மா டீ கொண்டுவந்து வைத்தாள். தாள்களைப் பார்த்தாள்.

“யாருக்கு இவ்வளவு நீளமா?”

“தம்பிக்கு.”

“நான் சொன்னேன்னு ஏதாச்சும் எழுதியிருக்கீங்களா?”

“அன்னிக்கு நீ என்னைக் கேட்டத எழுதியிருக்கேன்.”

“அது போவட்டும். கல்யாணத்துக்கு நான் என்ன சொல்லப்போறேன்னு எதையாச்சும் எழுதி வச்சிடாதீங்க. அத நான் அவன்கிட்ட சொல்லிக்கிறேன்.”

“என்ன சொல்லப்போற?” என்று கேட்டேன். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டேன்.

“உங்களுக்கு எதுக்கு?” என்று சொல்லிவிட்டு அவள் டம்ளருக்காகக் காத்து நின்றாள். நான் குடித்துக் கொடுத்தேன். எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அதனால் அவள் மனசில் என்ன இருக்கிறது என்று எனக்கும் தெரியாது தம்பி. ஞாயிறு காலை நீ வண்டியில் வந்து இறங்கும்போது ஸ்டேஷனுக்கு நான் வரமாட்டேன். லாலாகுடாவில் அக்கா வீட்டில் இருப்பேன், சாயந்தரம்தான் திரும்புவேன். கதவைத் திறப்பது அவளாகத்தான் இருக்கும். நீங்கள் இருவரும் பேசி முடித்த பிறகு, என்ன முடிவாயிற்று என்று எனக்கும் யாராவது சொல்லுங்கள்.

அப்பா